கைவேலைக் கத்தி சேகரிப்பவர்களுக்கு: கொடுக்கும் விலைக்குத் தரம் இருக்கிறதா என்று பார்க்கும் வரிசை

கைவேலைக் கத்தி சேர்க்கத் தொடங்குகிறவர் முதலில் பார்ப்பது அலகில் ஓடும் டமாஸ்கஸ் கோலத்தை, அதாவது இரண்டு எஃகை அடுக்கி அடித்ததால் வரும் வரிகளை. அடுத்து பிடியின் மரம். அதற்குப் பிறகு விலை. என்ன எஃகு, தோய்ச்சல் (எஃகைச் சூடாக்கித் தோய்த்துக் கடினமாக்குவது) எப்படிப் போட்டார்கள், வாய் (வெட்டும் ஓரம்) எவ்வளவு மெல்லியது என்ற கேள்விகள் காசு கைமாறிய பிறகுதான் வருகின்றன.

இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்க வேண்டும். பிடி சரியில்லை என்றால் மாற்றலாம், மெருகு போனால் மறுபடி ஏற்றலாம், உறையைப் புதிதாகத் தைக்கலாம். தோய்ச்சல் கெட்டுப்போன அலகை நீங்கள் வீட்டில் வைத்து ஒன்றும் செய்ய முடியாது. திருத்த முடியாததை முதலில் பாருங்கள், திருத்தக்கூடியதைக் கடைசியில் பாருங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த வரிசையில்தான் போகின்றன.

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் இருக்கிறவரை மனத்தில் வைத்து எழுதியது இது. கத்திக் கண்காட்சி பக்கத்தில் கிடையாது. ஒன்று, கைப்பேசியில் படம் பார்த்து வாங்க வேண்டும். அல்லது பாராங் (கொல்லை வேலைக்கான நீண்ட வெட்டுக்கத்தி) அடிக்கும் கொல்லரிடம் நேரில் போக வேண்டும். இரண்டுக்கும் சோதனை கொஞ்சம் வேறு.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

ஹார்ட்வேர் கடையில் கிடைப்பவையே போதும்: மி.மீ.யில் இரண்டு தசமம் காட்டும் டிஜிட்டல் வெர்னியர், 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், நல்ல டார்ச் லைட், எஃகு அடிக்கோல், 6 மி.மீ. பித்தளைக் கம்பி ஒரு துண்டு, வொர்க்‌ஷாப்பில் வால்வு இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜ், சமையலறைத் தராசு.

வெர்னியர் இல்லாமல் கத்தி வாங்கப் போகாதீர்கள். 0.3 மி.மீ.க்கும் 0.8 மி.மீ.க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. தக்காளிக்குத் தெரியும்.

இன்னொன்று, சட்டம். 1958ஆம் ஆண்டு அரிக்கும், வெடிக்கும் பொருள்கள் மற்றும் அபாயகர ஆயுதங்கள் சட்டம், தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. தண்டனையில் சிறையும் பிரம்படியும் உண்டு. விசையைத் தட்டினால் விரியும் கத்திகளின் பக்கமே போக வேண்டாம். மற்றக் கத்தியை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவரும்போது பெட்டிக்குள் கட்டி, ரசீதோடு, காரின் பின்பெட்டியில் வையுங்கள். இடுப்பிலோ மோட்டார் சைக்கிள் கூடையிலோ வைத்துக்கொண்டு பட்டணத்துக்குள் வரக்கூடாது.

2. கத்தி எதற்கு என்று ஒரே வரியில் எழுதுங்கள்

“மீனும் காய்கறியும் நறுக்க, 210 மி.மீ. அலகு, துருப்பிடிக்காத எஃகு.” “கொல்லையில் வாழைக்கும் புதருக்கும், 12 அங்குல பாராங்.” “வேலைக்கு இல்லை, பார்வைக்கு மட்டும்.” இந்த மூன்றில் எது உங்களுடையது என்று எழுதாமல் விலையைப் பற்றிப் பேசவே முடியாது. சமையல் கத்திக்குத் தரம் என்பது மெல்லிய வாய். பாராங்குக்கு அதே மெல்லிய வாய் ஒரு குறை. முதல் கட்டையிலேயே வாயோரம் பெயர்ந்து பல் விழுந்துவிடும்.

“எல்லாத்துக்கும் ஆகணும்” என்று கேட்டால், கத்தி செய்பவர் பயந்து வாயைத் தடிப்பாக விட்டுவிடுவார். ஆயிரம் ரிங்கிட் கொடுத்தும் வெங்காயத்தை நசுக்கும் கத்தி அப்படித்தான் உருவாகிறது.

3. விலையைப் பிரித்துப் போட்டுப் பாருங்கள்

எந்தக் கைவேலைக் கத்தியின் விலையிலும் மூன்று அடுக்கு உண்டு. முதல் அடுக்கு வெட்டும் திறன்: எஃகு, தோய்ச்சல், வாயின் வடிவம். இரண்டாவது கைப்பாடு: உப்புத்தாளில் மணிக்கணக்காகத் தேய்த்த மெருகு, இடுக்கில்லாத பிடி, டமாஸ்கஸ் கோலம். மூன்றாவது பெயர்: செய்தவரின் புகழ், காத்திருப்போர் வரிசை.

முதல் அடுக்குக்கு ஆகும் செலவு நினைப்பதைவிடக் குறைவு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரணமான, பட்டை எஃகைத் தேய்த்து உருவாக்கும் சின்னக் கத்திக்கு 10 மணி நேர வேலை என்று வையுங்கள். மணிக்கு 25 ரிங்கிட் என்றால் 250. எஃகு, சாணை பெல்ட், பிடி மரம், பசை, மின்சாரம் எல்லாம் சேர்த்து 120. தோலுறை 60. ஆக 430 ரிங்கிட். இந்த எண்களை உங்கள் ஆள் சொல்லும் எண்களால் மாற்றிக்கொள்ளுங்கள். கணக்கு முறை மாறாது. 430க்குப் பக்கத்தில் கேட்டால் நீங்கள் வேலைக்குக் காசு கொடுக்கிறீர்கள். அதே கத்திக்கு 1,500 கேட்டால், மிச்சம் எதற்கு என்று அவரையே கேட்கலாம். கோபப்படாமல் பதில் சொல்கிறவரிடம் வாங்குங்கள்.

கீழ்ப்பக்கமும் இதே கணக்கு வேலை செய்யும். மலேசியாவில் 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட், மணிக்கு 8.17. “15 மணி நேரம் கையால் அடித்த டமாஸ்கஸ், 120 ரிங்கிட்” என்று விளம்பரம் வந்தால் பெருக்கிப் பாருங்கள்: 15 மணிக்குக் குறைந்தபட்சக் கூலியே 122 ரிங்கிட்டைத் தாண்டுகிறது. எஃகும் பிடியும் உறையும் இலவசமா? அது மொத்த உற்பத்தியில் வந்த கத்தி. மொத்த உற்பத்தி பாவமில்லை. கைவேலை என்று சொல்லி விற்பதுதான் தவறு.

4. எஃகின் பெயர், தோய்ச்சலின் விவரம்

“ஹை கார்பன் ஸ்டீல்” என்பது பெயர் இல்லை. அந்த எஃகு வகைக்கே உரிய பெயரோ எண்ணோ வேண்டும்: 1084, 5160, 52100, 80சிஆர்வி2, டி2, 14சி28என், ஏஇபி-எல், மேக்னாகட் என்று. ஒவ்வோர் எஃகுக்கும் எந்தச் சூட்டில் தோய்க்க வேண்டும் என்பது வேறு. பெயர் தெரியாமல் தோய்த்தவர் குத்துமதிப்பாகத்தான் தோய்த்திருப்பார்.

பெயர் கிடைத்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை டிகிரியில் சூடாக்கினீர்கள்? எதில் தோய்த்தீர்கள்? பதம் இறக்க (மறுபடி மிதமாகச் சூடாக்கி முறுகலைத் தணிக்க) எத்தனை டிகிரியில் எத்தனை முறை வைத்தீர்கள்? 1084 என்றால் சுமார் 815 டிகிரி செல்சியஸ், எண்ணெயில் தோய்ச்சல், பிறகு 200 டிகிரி அளவில் இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு முறை என்பது போல ஒரு பதில் வர வேண்டும். காந்தம் ஒட்டாமல் போகும் வரை சூடாக்கினேன் என்பது பாதிப் பதில்தான். இரும்பு காந்தத்தை இழப்பது 770 டிகிரியில். தோய்ச்சலுக்கு அதற்கு மேலும் கொஞ்சம் போக வேண்டும். 1084க்கு அனுபவக் கண் போதும். 52100, டி2, துருப்பிடிக்காத எஃகு வகைகளுக்கெல்லாம் சூட்டைக் கட்டுப்படுத்தும் மின் உலை இல்லாமல் நல்ல தோய்ச்சல் வராது. உலை இல்லாதவர் அதை வெளியே கொடுத்துத் தோய்க்கச் சொன்னால் அது குறையில்லை, நல்ல குணம்.

அடுத்து கடினம். ராக்வெல் அளவில், பாராங்குக்கு 54 முதல் 58; கொல்லைக்கும் காட்டுக்கும் ஆகும் சின்னக் கத்திக்கு 58 முதல் 60; சமையல் கத்திக்கு 60 முதல் 62. சமையல் கத்திக்கு 55 என்றால் அடிக்கடி மழுங்கும். பாராங்குக்கு 62 என்றால் உடையும். எண் கூடினால் தரம் கூடும் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய. எண்ணைச் சொல்பவரிடம் எந்த இயந்திரத்தில் பார்த்தீர்கள் என்றும் கேளுங்கள். ராக்வெல் இயந்திரம் இல்லாமல் “60” என்று சொல்வது ஊகம்.

நம் காலநிலையையும் சேர்த்து யோசிக்க வேண்டும். டி2 எஃகில் சுமார் 12 விழுக்காடு குரோமியம் இருந்தும் அது முழுக்கத் துருவைத் தாங்காது. 1084, 52100 எல்லாம் ஒரே ராத்திரியில் செம்புள்ளி போடும். புளியும் எலுமிச்சையும் பட்டுக்கொண்டே இருக்கும் சமையலறைக்கு முதல் கத்தியாக 14சி28என் அல்லது ஏஇபி-எல் கேளுங்கள். மேக்னாகட் 2021ல் வந்த எஃகு, துருவையும் தாங்கும், உறுதியும் உண்டு. ஆனால் விலை கூடும், தேய்த்து உருவாக்கவும் நேரம் பிடிக்கும். முதல் கத்திக்கு அது தேவையில்லை.

கொல்லரிடம் பாராங் வாங்கும்போது

இங்கே நிலைமை வேறு. பாராங் பெரும்பாலும் லோரியின் பட்டை ஸ்பிரிங்கில் அடிப்பது. அது வழக்கமாக 5160 அல்லது ஜப்பானிய எஸ்.யூ.பி.9 வகை, பாராங்குக்கு அருமையான எஃகு. கொல்லரிடம் ராக்வெல் எண் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். அவர் நிறம் பார்த்துப் பதம் இறக்குகிறார்: வாய்ப்பக்கம் வைக்கோல் நிறம், முதுகு நீலம். வாய் கடினமாகவும் முதுகு வளைந்து கொடுப்பதாகவும் இருக்கும். அது சரியான முறை.

நீங்கள் கவனிக்க வேண்டியது வெடிப்பு. பல லட்சம் தடவை வளைந்து நிமிர்ந்த பழைய ஸ்பிரிங்கில் மயிரிழை வெடிப்பு ஒளிந்திருக்கும். பெயின்ட் அடிக்காத, மெருகேற்றும் முன்னால் உள்ள அலகைக் கேட்டு வாங்குங்கள். மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்து அலகு முழுக்கத் தடவி, பத்து நிமிடம் விட்டு, உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். அதன் மேல் சாக்குக்கட்டிப் பொடியை மெல்லியதாகத் தூவுங்கள். நல்ல அலகில் பொடி வெள்ளையாகவே கிடக்கும். வெடிப்பு இருந்தால், உள்ளே போன மண்ணெண்ணெய் மெல்ல மேலே ஊறி, பொடியில் ஈரமான ஒரு கோடு இழுக்கும். பெரும்பாலும் வாயில் தொடங்கி முதுகை நோக்கிப் போகும் கோடு அது. அந்த அலகை என்ன விலைக்கும் வாங்காதீர்கள். வெட்டும்போது முறிந்தால் துண்டு எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

5. பித்தளைக் கம்பிச் சோதனை

எண்களை நம்புவதைவிட இது நல்லது. செய்தவரின் அனுமதியோடு மட்டும் செய்யுங்கள். அவர் முன்னாலேயே செய்தால் இன்னும் நல்லது.

பித்தளைக் கம்பியை மேசையோரத்தில் அசையாமல் பிடியுங்கள். கத்தியின் வாயைக் கம்பியின் மேல் படுக்கவைத்து முதுகை 15 டிகிரி அளவுக்குத் தூக்குங்கள். வாயின் சாய்வு (கூராகத் தீட்டிய பக்கம்) கம்பியில் படியும். டார்ச் வெளிச்சம் பின்னாலிருந்து வரட்டும். இப்போது மெல்ல அழுத்துங்கள். கம்பிக்கு மேலே வாய் ஒரு சின்ன மேடாக வளைவது தெரியும். அழுத்தத்தை விட்டதும் அந்த மேடு மறைந்து வாய் நேராக வந்தால் பதம் சரி. மேடு அப்படியே நின்றால் மென்மை, மழுங்கிக்கொண்டே இருக்கும். சின்னதாகப் பல் விழுந்தால் பதம் போதாமல் முறுகி இருக்கிறது. வாய் நெடுக, அடியிலும் நடுவிலும் நுனியிலும் மூன்று இடத்தில் பாருங்கள். நுனி மட்டும் பல் விழுந்தால், மெல்லியதாக இருப்பதால் அது உலையில் கூடுதலாகச் சூடேறியிருக்கிறது என்று பொருள்.

வாய் 0.2 மி.மீ. அளவுக்கு மெல்லியதாகவும் 63க்கு மேல் கடினமாகவும் உள்ள சமையல் கத்திக்கு இந்தச் சோதனை வேண்டாம். நல்ல கத்தியும் அதில் கெட்டுவிடும்.

வாய் மென்மையாகத் தெரிந்தால் உடனே கத்தியைத் தள்ளிவிடவும் வேண்டாம். கடைசியாகச் சாணை பிடிக்கும்போது பெல்ட்டின் சூட்டில் வாயோரம் பதம் இழந்திருக்கலாம். உலையில் மேல்தோலின் கார்பன் எரிந்து போயிருக்கலாம். இரண்டு, மூன்று முறை கல்லில் தீட்டியதும் உள்ளே இருக்கும் நல்ல எஃகு வெளியே வரும். மூன்றாவது தீட்டலுக்குப் பிறகும் மழுங்கினால்தான் தோய்ச்சல் கெட்டது என்று முடிவு செய்யுங்கள்.

6. வாயின் கனம்: விலையே பேசாத தரம்

ஒரு கத்தி நன்றாக வெட்டுகிறதா என்பதை எஃகைவிட அதிகமாகத் தீர்மானிப்பது, வாய்க்கு உடனே மேலே உள்ள கனம். இதற்காக யாரும் கூடுதல் விலை போடுவதில்லை. படத்திலும் தெரிவதில்லை. அதனால்தான் புதியவர்கள் பார்ப்பதில்லை.

சாய்வு தொடங்கும் இடத்தில், வாயிலிருந்து சுமார் 1 மி.மீ. மேலே, வெர்னியரை மெல்லப் பொருத்துங்கள். வாயின் மேல் வைத்தால் கத்தியும் கெடும், வெர்னியரும் கெடும். சமையல் கத்திக்கு 0.2 முதல் 0.4 மி.மீ., சின்ன வேலைக் கத்திக்கு 0.4 முதல் 0.6, பாராங்குக்கு 0.8 முதல் 1.2. அடி, நடு, நுனி மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் 0.3, இன்னோரிடத்தில் 0.7 என்றால் தேய்த்த கை சீராக இல்லை.

படத்தைப் பார்த்து வாங்கும்போது வெர்னியர் வைக்க முடியாதே? சாய்வின் அகலத்தைப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு 15 டிகிரியில் தீட்டியிருந்தால், 0.4 மி.மீ. கனத்துக்குச் சாய்வு 0.8 மி.மீ. அகலம்தான் வரும். கனம் 1 மி.மீ. என்றால் சாய்வு ஏறக்குறைய 2 மி.மீ. அகலமாகிவிடும். அடிக்கோலை அலகோடு சேர்த்து வைத்து நெருக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாயோரம் பளபளவென்று அகலமான பட்டை தெரியும் சமையல் கத்தி, விலை எதுவானாலும் தடித்த கத்தி. பட்டை ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் ஒடுக்கம் என்றால் வாய் நடுவில் இல்லை, அதையும் கேளுங்கள்.

முதுகையும் அளந்து பாருங்கள். நல்ல சமையல் கத்தியில் பிடிக்கு அருகே 2.5 மி.மீ. இருந்து, நுனியை நோக்கி 1 மி.மீ.க்குக் குறைந்துகொண்டே போகும். முழு நீளத்துக்கும் ஒரே கனம் என்றால் பட்டையை அப்படியே வெட்டிப் பக்கத்தை மட்டும் தேய்த்திருக்கிறார். முதுகைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து நுனிவரை பார்த்தால் வளைவு, முறுக்கு எல்லாம் தெரிந்துவிடும். தோய்ச்சலில் வளைந்ததை நேராக்காமல், ஒரு பக்கத்தைக் கூடுதலாகத் தேய்த்து மறைப்பதும் நடக்கிறது. வெளிச்சம் முதுகில் ஓடும் விதத்தில் அது பிடிபடும்.

பிறகு தராசு. 210 மி.மீ. சமையல் கத்தி 150 முதல் 200 கிராம். அதற்கு மேல் போனால் காரணம் கேளுங்கள். பாராங்கை ஒரு விரலின் மேல் நிறுத்தினால் பிடிக்கு முன்னால் 5 முதல் 8 செ.மீ. தூரத்தில் சமன் நிற்க வேண்டும். பிடியிலேயே சமன் நிற்கும் பாராங்கை வீசி வீசித் தோள்பட்டை போகும், கட்டை போகாது.

7. டமாஸ்கஸ் என்றால்

கோலம் கத்தியின் வெட்டைக் கூட்டாது. அது இரண்டாம் அடுக்கு, அழகுக்கான உழைப்பு. நல்ல டமாஸ்கஸ் பெரும்பாலும் 1084ஐயும் 15என்20ஐயும் அடுக்கி ஒட்டவைத்து அடிப்பது. 15என்20ல் உள்ள சுமார் 2 விழுக்காடு நிக்கல்தான் அமிலத்தில் கறுக்காமல் வெள்ளிக் கோடாக நிற்கிறது. எந்த இரண்டு எஃகு என்று கேளுங்கள். பெயர் சொல்லத் தெரியாதவர் அதைத் தானே அடிக்கவில்லை.

போலி எது? மேலே மட்டும் அமிலத்தாலோ லேசராலோ வரைந்தது. முதுகைப் பாருங்கள்: உண்மையான அடுக்குகள் முதுகிலும் கோடுகளாகத் தொடரும். பக்கத்தில் கோலம், முதுகு மொட்டை என்றால் வரைந்ததுதான். பத்து மடங்கு லென்ஸில் அடுக்குகளுக்கு நடுவே கறுப்பாக நீளமான இடுக்குகள் தெரிந்தால் அது உண்மையான டமாஸ்கஸ், ஆனால் அடுக்கு சரியாக ஒட்டவில்லை. வாயருகே அப்படி ஒன்று இருந்தால் வாங்க வேண்டாம்.

நடுவில் ஒரு கடின எஃகும் இரு பக்கமும் டமாஸ்கஸும் வைத்த கத்தியில், நடு எஃகு வாய்க்கு மேலே 3 முதல் 5 மி.மீ. வரை சீராக வெளியே தெரிய வேண்டும். எங்காவது பக்க எஃகு வாய்வரை இறங்கி வந்திருந்தால் அந்த இடம் என்றைக்கும் கூர் நிற்காது.

8. பிடி

அலகும் பிடியும் சேரும் இடத்தில் பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். வெளிச்சம் கசியக்கூடாது. ஃபீலர் கேஜில் 0.05 மி.மீ. தகடு உள்ளே போகக்கூடாது. இந்த இடுக்கு வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. வியர்வையும் மீன் தண்ணீரும் உள்ளே போய், பிடிக்குள் நீளும் அலகின் வால் கண்ணுக்குத் தெரியாமல் துருப்பிடிக்கும். பசையும் மரத்தூளும் கலந்து அடைத்திருந்தால் நிறம் மாறித் தெரியும், லென்ஸில் பாருங்கள்.

மரம் எவ்வளவு காலம் உலர்ந்தது என்று கேளுங்கள். நம் ஊரில் அறுத்த பச்சை மரத்தைப் போட்டால் குளிர்சாதன அறையில் ஒரு மாதம் இருந்ததுமே சுருங்கி, பித்தளை ஆணி மேலே முட்டிக்கொண்டு நிற்கும். கெமுனிங், பலா நன்றாக உலர்ந்திருந்தால் நல்ல பிடிகள். வேலைக் கத்திக்கு மைக்கார்ட்டா (துணியைப் பிசினில் ஊறவைத்து அழுத்திய பலகை) இன்னும் நிம்மதி. மான்கொம்பு, தந்தம், இருவாட்சி அலகு என்று சொல்லி விற்பவரிடமிருந்து விலகி இருங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010 குறுக்கே வரும். எருமைக் கொம்பில் அந்தச் சிக்கல் இல்லை.

கடைசியாகப் பிடியை இறுக்கிப் பிடித்து ஐந்து நிமிடம் விடாமல் வெட்டும் அசைவைச் செய்யுங்கள். எங்கே கை சிவக்கிறதோ அங்கே கொப்புளம் வரும். ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்து “நல்லா இருக்கு” என்று வாங்குவதுதான் வழக்கமான தவறு.

9. மெருகுக்கும் பெயருக்கும் எவ்வளவு கொடுக்கலாம்

மெருகு எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டிய இடம் ஒன்றே: அலகின் தேய்ப்பு தொடங்கும் மூலை, பிடிக்குச் சற்று முன்னால். நடு அலகை யார் வேண்டுமானாலும் பளபளப்பாக்கலாம். அந்த மூலைக்குள் உப்புத்தாளை விரலில் சுற்றித்தான் தேய்க்க முடியும். லென்ஸில், நீளவாக்கில் ஓடும் மெல்லிய கோடுகளுக்கு அடியில் குறுக்காக ஆழமான கீறல்கள் தெரிந்தால், முதல் பெல்ட்டின் தடத்தை எடுக்காமலே மேலே மெருகு போட்டிருக்கிறார். 400 நம்பர் தாளோடு நிறுத்திய நேர்மையான மெருகு, கீறலை மறைத்த கண்ணாடி மெருகைவிட மேல். கண்ணாடி மெருகு பயன்படுத்தும் கத்திக்கு வீண். முதல் நாளே கீறல் விழும்.

பெயருக்கு வரும்போது, எதனால் வந்த பெயர் என்று பாருங்கள். 1976ல் தொடங்கிய அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டி பட்டம் கொடுக்கும் முன் சோதனை வைக்கிறது: தொங்கும் ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும், மரக்கட்டையை இரண்டு முறை வெட்டித் துண்டாக்க வேண்டும், அதற்குப் பிறகும் அதே வாய் கைமயிரைச் சிரைக்க வேண்டும், பிறகு அலகை 90 டிகிரி வளைத்தாலும் முறியக்கூடாது. அப்படி வந்த பெயருக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். தோய்ச்சல் தெரிந்தவர் என்பதற்கு அது சாட்சி. பின்தொடர்வோர் எண்ணிக்கை எதற்கும் சாட்சியில்லை.

திரும்ப விற்கும் எண்ணம் இருந்தால் ஒன்று: விலை நிற்பது பெயரால்தான், எஃகால் இல்லை. பெயர் இல்லாதவரின் எவ்வளவு நல்ல கத்தியும் பாதி விலைக்குத்தான் போகும். உங்கள் பேரை அலகில் பொறிக்கச் சொன்னால் அதுவும் போகாது. பயன்படுத்தவே வாங்குகிறவருக்கு இது ஒரு வரம்; பெயர் வராத, கை நல்ல ஆளிடம் முதல் இரண்டு அடுக்கும் மலிவாகக் கிடைக்கும். சேகரிப்பின் முதல் மூன்று கத்திகளை அப்படிப்பட்டவரிடமே வாங்குங்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து.

10. ஆர்டர் கொடுக்கும்போது

சொந்தமாக வரைந்த படத்தோடு போகாதீர்கள். செய்பவர் ஏற்கெனவே பல முறை செய்த வடிவத்தைக் கேளுங்கள். அவர் கை பழகிய வடிவத்தில்தான் தோய்ச்சலும் தேய்ப்பும் சீராக வரும். பிடி மரத்தை மட்டும் உங்கள் விருப்பத்துக்கு மாற்றலாம்.

எழுத்தில் வாங்க வேண்டியவை: எஃகின் பெயர், கடினம், அலகின் நீளம், வாயின் கனம், பிடிப் பொருள், உறை, முடிக்கும் மாதம், முன்பணம், குறை இருந்தால் என்ன செய்வார் என்பது. வாட்ஸ்அப் செய்தி போதும், வாய்ப்பேச்சு போதாது. முன்பணம் மூன்றில் ஒரு பங்கு நியாயம், பாதிக்கு மேல் வேண்டாம். முழுப் பணத்தையும் வாங்கியவருக்கு உங்கள் கத்தியை முடிக்க அவசரம் இருக்காது.

வெளிநாட்டிலிருந்து வருவதானால், பதிவு பெற்ற விற்பனையாளரிடம் இணையத்தில் வாங்கும், 500 ரிங்கிட் வரை உள்ள பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதற்கு மேல் சுங்க விதி. இதையும் விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். கத்தியை ஏற்காத கூரியர்களும் உண்டு, எது வழியாக அனுப்புவார் என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

11. வந்து சேர்ந்த அன்றும், அதற்குப் பிறகும்

பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். தீட்டுவதற்கு முன் 6ஆம் படியின் அளவுகளையும் 8ஆம் படியின் இடுக்குகளையும் பார்த்து எழுதுங்கள். தீட்டிய பிறகு புகார் சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள்.

பிறகு வெட்டிப் பாருங்கள். சமையல் கத்தி என்றால் தக்காளி, பிறகு பெரிய கேரட். தக்காளி கூரைக் காட்டும்; கேரட் கனத்தைக் காட்டும். கேரட் பாதியில் “டக்” என்று பிளந்தால் அலகு தடிப்பு. பாராங் என்றால் காய்ந்த மூங்கிலை முப்பது வெட்டு வெட்டிவிட்டு, வாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பாது. வெள்ளைப் புள்ளியாக மின்னும் இடமெல்லாம் மடங்கியது அல்லது பல் விழுந்தது.

வைப்பதற்குத் தோலுறை வேண்டாம். உறை எடுத்துப் போவதற்கு மட்டும். நம் காற்றின் ஈரத்தைத் தோல் குடித்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட உப்பும் அதில் இருக்கும். மழை மாதங்களில் இரண்டே வாரத்தில் உறைக்குப் பூஞ்சணம், அலகுக்குத் துரு. கத்தியைத் தனியாகத் துணியில் சுற்றி, மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல ஜெல் இளஞ்சிவப்பானதும் மாற்றுங்கள். தேங்காயெண்ணெய் தடவினால் நாளடைவில் சிக்குப் பிடிக்கும். வாசனையில்லாத மினரல் ஆயில் ஒரு சொட்டு போதும், சமையல் கத்திக்கும் ஆபத்தில்லை.

கார்பன் எஃகில் நீலமும் சாம்பலுமாக நிறம் படிவது நல்லது, அதைத் தேய்த்து எடுக்காதீர்கள். செந்துருவைத் தடுப்பதே அதுதான். ஆரஞ்சு நிறப் புள்ளியைக் கண்டால் அன்றைக்கே எண்ணெய் தொட்ட 2000 நம்பர் தாளால், மெருகுக் கோடு ஓடும் திசையிலேயே தேய்த்து எடுங்கள். குறுக்கே தேய்த்தால் அந்தக் கீறலை எடுக்க அலகு முழுவதையும் மறுபடி மெருகேற்ற வேண்டியிருக்கும். அந்தக் கூலி கத்தி விலையில் கால்வாசி ஆகிவிடும்.